கம்பெனியிடம் மராமத்து, குடும்பத்திடம் கட்டளை

திருநெல்வேலிச் சீமை பெரிய தொழில்காரர்களை நிறையப் பெற்ற மண். டிவிஎஸ் நிறுவனத்தை 1911-இல் மதுரையில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் திருக்குறுங்குடிக்காரர். சிம்ப்சன், டாஃபே உள்ளிட்ட அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் ஆழ்வார்குறிச்சிக்காரர். இந்தியா சிமெண்ட்ஸைத் தொடங்கிய எஸ்.என்.என். சங்கரலிங்க அய்யரின் பெயரில்தான் தாழையூத்தில் சங்கர்நகர் நிற்கிறது. 1976-இல் எச்சிஎல்லைத் தொடங்கிய ஷிவ் நாடார் திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்தவர்.

ஊர்க் குளத்துக்கும் பள்ளிக்கும் இப்படிப்பட்ட தொழில்காரர்களின் கம்பெனியிடம் எதைக் கேட்பது, குடும்பத்திடம் எதைக் கட்டளையாக, அதாவது வருவாயில் காரியம் நடக்க எழுதிவைக்கும் நிதியாகக் கேட்பது என்பதுதான் இங்கே பேச்சு. இவர்கள் ஊருக்குத் தந்ததில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பது எது, ஏன் ஓடுகிறது என்று பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். ஆழ்வார்குறிச்சியில் 1963-இல் அனந்தராமகிருஷ்ணன் தொடங்கிய ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சிவசைலத்து அம்மன் பெயர் கல்லூரிக்கு. சிவசைலம் என்ற ஊர்ப்பெயர் அவருடைய மகனுக்கு. ஊரோடு அப்படி ஒட்டிக்கொண்ட குடும்பம். கட்டடம் கட்டித் திறந்துவைத்ததோடு போகவில்லை. வருஷா வருஷம் நடத்துவதற்கு ஓர் ஏற்பாடு பின்னால் இருந்தது, அதனால் கல்லூரி நிற்கிறது. அதற்கு நூற்றிருபது வருஷம் முந்தைய உதாரணம் சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக (தலைமை அலுவலராக) இருந்தவர், தொழிலதிபர் கிடையாது, ஆனால் கொடை என்றால் இந்த ஊரில் முதலில் சொல்ல வேண்டிய பெயர். ஏறக்குறைய 50,000 ரூபாய் கைப்பணம் போட்டார். 1843-இல் தாமிரபரணி மேல் 11 வளைவுகளோடு பாலம் திறந்தது. பாலத்தைப் பராமரிக்கும் பொறுப்பு அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போனபோது திரும்பக் கட்ட ஆள் இருந்தது.

இதோடு நம்ம பக்கத்து அரசுப் பள்ளிகளில் தூசி படிந்து நிற்கும் ஆர்ஓ குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். கொடுத்தவர் மனசில் குறை இல்லை. வாங்கிய ஊர், அதை ஓட்டுவதற்கான பணத்தைக் கேட்காமல் விட்டுவிட்டது. அந்தப் பணத்தை யாரிடம், எந்த வடிவத்தில் கேட்பது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் சட்டம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் ஒரு கம்பெனியின் நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலும் போதும். கடந்த மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தே ஆக வேண்டும். சிஎஸ்ஆர் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஒரு கம்பெனிக்கு மூன்று வருஷ லாபம் 6, 8, 10 கோடி என்றால் சராசரி 8 கோடி. அதில் 2 சதவீதம் 16 லட்சம். ஒரு சின்னக் குளத்தின் மறுகாலையும் (நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் இடம்) மடையையும் (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய்) சரிசெய்கிற அளவிலான தொகை இது. பெரிய பெயர்களை மட்டும் தேடி ஓட வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கணக்கு.

சிறிய கம்பெனியில் இன்னொரு வசதி உண்டு. வருஷத்துச் சிஎஸ்ஆர் தொகை 50 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் தனிக் கமிட்டி தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். பெரிய கம்பெனியில் மும்பையில் ஒரு கமிட்டி, சென்னையில் ஒரு மேலாளர், நடுவில் ஒரு ஆலோசனை நிறுவனம் என்று ஆறு மாசம் ஓடிவிடும். நடுத்தர மில்லில் முதலாளி, கணக்கர், ஆடிட்டர் மூன்று பேர் ஒத்துக்கொண்டால் காரியம் நடக்கும்.

யாரிடம் கேட்பது? கங்கைகொண்டான் சிப்காட்டில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்: டயர் ஆலை, டாடா பவரின் சோலார் ஆலை, பாஷ். தாழையூத்து சிமெண்ட் ஆலையின் கம்பெனி 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போயிருக்கிறது. ஆகவே பழைய கடிதப் போக்குவரத்தை நம்பி இருக்காமல் புதிதாகத் தொடங்க வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்துவது மத்திய அரசு நிறுவனம், அதற்கும் இதே சட்டம்தான்.

பலரும் கவனிக்காமல் விடுவது காற்றாலைகளை. பணகுடி, ராதாபுரம், கயத்தாறு, ஆலங்குளம் பக்கம் நிற்கும் காற்றாடிகளில் பெரும் பங்கு வெளியூர் மில்களுக்கும் கம்பெனிகளுக்கும் சொந்தம். கோபுரத்தின் அடியில் போய்ப் பாருங்கள். கம்பெனி பெயரும் ஹெச்டி மின் இணைப்பின் சர்வீஸ் நம்பரும் பெயிண்டில் எழுதியிருக்கும். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் இணையதளத்தைத் திறந்தால், சிஎஸ்ஆர் கொள்கையும் ஒப்புதலான திட்டங்களும் அங்கே இருக்க வேண்டும், அது விதி. ஆண்டறிக்கையின் இணைப்பில் எவ்வளவு செலவு, எவ்வளவு செலவாகாமல் நிற்கிறது என்பது வரை வரும். தான் தொழில் நடத்தும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் மின்சாரம் விளைவது உங்கள் ஊர்ப் பொட்டலில்தான். "எங்கள் வருவாய்க் கிராமத்தில், இந்த சர்வே எண்ணில் தங்கள் காற்றாலை ஓடுகிறது" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். இந்த முன்னுரிமை கட்டாயம் கிடையாது, ஆனாலும் அந்த வரியைத் தாண்டிப் போவது அவர்களுக்குச் சங்கடம்.

எதற்குக் கேட்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். "அண்ணாச்சி, கோயில் கும்பாபிஷேகத்துக்கு உங்க கம்பெனியில ஏதாவது செய்யணும்" என்றுதான் முக்கால்வாசி ஊர் தொடங்குகிறது. சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வழிபாட்டுச் செலவுக்கு இடமே இல்லை. வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடத்தையும் கலைப்பொருளையும் மீட்டெடுக்க மட்டும் இடம் உண்டு. ஆகவே நூற்றாண்டு பழைய கல் மண்டபத்தை மீட்க வழி இருக்கிறது, யாகசாலைக்கும் அன்னதானப் பந்தலுக்கும் வழி இல்லை. அதற்குத் தனி மனிதரின் சொந்தப் பணம்தான். திருக்குறுங்குடி நம்பி கோயில் திருப்பணியில் டிவிஎஸ் குடும்பத்து வேணு ஸ்ரீனிவாசன் ஈடுபட்டதும் ஊர்ப்பற்றாலும் பக்தியாலும் வந்த காரியம். அரசியல் கட்சிக்கு நன்கொடை, கம்பெனித் தொழிலாளர் குடும்பங்களுக்கு மட்டும் பயன்படும் வேலை, விளம்பரத்துக்கான ஸ்பான்சர், வேறு சட்டப்படி கம்பெனி எப்படியும் செய்தாக வேண்டிய கடமை, எதுவும் கணக்கில் சேராது.

பணத்தை வாங்கும் கைக்கும் தகுதி வேண்டும். கம்பெனி தானே நேரடியாகச் செய்யலாம். வெளி அமைப்பு வழியாக என்றால் அது பதிவுபெற்ற பொது டிரஸ்டாகவோ, சங்கமாகவோ, லாபநோக்கில்லாத எட்டாவது பிரிவுக் கம்பெனியாகவோ இருக்க வேண்டும். 12ஏ, 80ஜி என்று நாம் பழகிய பெயரில் சொல்லும் வருமானவரிப் பதிவு இருக்க வேண்டும். மூன்று வருஷமாவது இதே மாதிரி வேலை செய்த கணக்கு இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும். ஊர்க் கமிட்டி இதில் எதுவுமே இல்லாமல் "எங்க பேருக்குச் செக் கொடுங்க" என்று நின்றால் கம்பெனி நினைத்தாலும் கொடுக்க முடியாது. புதிதாக டிரஸ்ட் பதிந்து மூன்று வருஷம் காத்திருப்பதை விட, தகுதியுள்ள அமைப்பு ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது சுலபம். இன்னொரு வழி அரசு. 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊரோ கம்பெனியோ தந்தால் மீதியை அரசு போடும். பள்ளி என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகப் பள்ளியின் பெயரையும் தேவையையும் குறிப்பிட்டே கொடுக்கலாம்.

இப்போது குளத்துக்கு வருவோம். நம்ம சீமையில் தொழில்காரர் பணம் போட்டால் உடனே பலன் தெரியும் இடம் குளம். தவறு நடப்பதும் இங்கேதான் அதிகம்.

ஊரும் கேட்பது தூர்வாருவது, கம்பெனியும் விரும்புவது தூர்வாருவது. ஜேசிபி நிற்கும், மண் குவியும், போட்டோ நன்றாக வரும். கணக்கைப் பாருங்கள். 20 ஹெக்டேர் குளத்தில் 5 ஹெக்டேரில் ஒரு அடி மண் எடுத்தால் 15,240 கன மீட்டர். லாரிக்காரர் கணக்கில் (ஒரு யூனிட் 100 கன அடி) 5,380 யூனிட், அதாவது 3 யூனிட் டிப்பரில் கிட்டத்தட்ட 1,800 நடை. வெட்டிய மண் உப்பும், கால் பங்கு கூடுதலாக வைத்தால் 2,240 நடை. ஒரு நாளைக்கு 50 நடை ஓடினாலும் 45 நாள். இவ்வளவும் செய்து கிடைக்கும் கூடுதல் கொள்ளளவு அரை மில்லியன் கன அடியைக் கொஞ்சம் தாண்டும். ஒரு நெற்பயிருக்கு மொத்தம் 1.2 மீட்டர் உயரத் தண்ணீர் என்று வைத்தால், அது மூன்று ஏக்கருக்கு ஒரு போகம். குளம் வருஷத்தில் இரண்டு தடவை பெருகினால் ஆறு ஏக்கர். அவ்வளவுதான்.

அதே பணத்தில் ஒரு பங்கை, குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் போட்டால் என்ன ஆகும்? இரண்டு கிலோமீட்டர் வரத்துக்காலில் உடைமரம் மண்டி, நடுவில் ஒருவர் பாதை போட்டு, அடியில் சின்னக் குழாய் பதித்திருப்பார். மழைக்கு வரும் தண்ணீர் அங்கேயே பக்கத்துக் காட்டில் பிரிந்து போகிறது. அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் போதிய கண் உள்ள சிறுபாலம் வைத்தால் குளம் முழுக் கொள்ளளவுக்குப் பெருகும். 20 ஹெக்டேர் குளம் பாதி பெருகுவதற்கும் முழுக்கப் பெருகுவதற்கும் உள்ள வித்தியாசம் மூன்று ஏக்கரில் நிற்காது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வரத்துக்கால், அடுத்து மறுகால், பிறகு மடை, பிறகு கரை, பணம் மிஞ்சினால் தூர். மடையில் பெரும்பாலும் கெட்டிருப்பது ஷட்டரின் திருகுக் கம்பியும் அடிப் பலகையும். மாற்ற ஆகும் செலவு மொத்த மதிப்பீட்டில் சொற்பம். ஆனால் மூடாத மடை ஒன்று பிசானத்துக்கு (மழைக்காலத்து நெல் போகம்) வைத்திருக்கும் தண்ணீரை ராத்திரி பகலாகக் கசியவிட்டுவிடும். மடைக்கு உள்பக்கம் கல்லும் அமலைச் செடியும் அடைக்காமல் கம்பிச் சட்டமும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

தூர்வாருவதிலும் மூன்று தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. கரையின் உள்கால் ஓரமாகவே தோண்டுவது ஒன்று. வண்டி நிற்க வசதி, கரைமேல் மண் போட வசதி என்று அங்கே பள்ளம் பறித்தால் கரையின் கால் பலவீனப்பட்டு, நிறைகுளத்தில் ஊற்றெடுக்கும். பள்ளத்தைக் கரையிலிருந்து தள்ளி வையுங்கள், எவ்வளவு தூரம் என்பதைப் பொறியாளர் கரையின் உயரத்தைப் பார்த்துக் குறித்துத் தர வேண்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டுவது இரண்டாவது. அந்தத் தண்ணீர் மடை வழியாக வெளியே வராது. கால்நடைக்கும் கிணற்று ஊற்றுக்கும் ஆகும், வயலுக்கு ஆகாது. அது தெரிந்து செய்தால் சரி, வயலுக்கு என்று எழுதிப் பணம் வாங்கிச் செய்தால் தப்பு. மூன்றாவது, அடியில் இருக்கும் களிமண் படுகையைக் கிழித்துச் சரளை தெரிய வெட்டுவது. ராதாபுரம், நாங்குநேரி மானாவாரிக் குளங்களில் இப்படிச் செய்தால் பெருகிய தண்ணீர் வேகமாக இறங்கிவிடும். அங்கங்கே சோதனைக் குழி போட்டுக் கரம்பையின் கனத்தைப் பார்த்த பிறகு ஆழத்தை முடிவு செய்ய வேண்டும்.

"மறுகாலை ஒரு அடி உசத்திக் கட்டுங்க" என்று கேட்கும் ஊர்களும் உண்டு. இதில் கொஞ்சமும் இளக்கம் கூடாது. மறுகால் மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் நடுவில் உள்ள உயரம்தான் பெருவெள்ளத்தில் ஊரைக் காக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வரிசையாகக் குளங்கள் உடைந்தன. மேல்குளத்தின் மறுகால் தண்ணீர்தான் கீழ்க்குளத்துக்கு வரத்து, அதனால் ஒன்று உடைந்தால் அடுத்ததும் தாங்காது. கரையைப் பலப்படுத்தாமல் மறுகாலை மட்டும் உயர்த்தும் வேலைக்கு எந்தக் கம்பெனியும் பணம் தரக் கூடாது, எந்த ஊரும் கேட்கக் கூடாது.

அனுமதி விஷயம் எளிது. ஆயக்கட்டு (குளத்தால் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் குளம் நீர்வளத்துறையுடையது, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. அந்தந்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும், அவர்கள் பொறியாளர் நடப்பு விலைப்பட்டியல்படி போட்ட மதிப்பீடும் இல்லாமல் கம்பெனி வாசலுக்குப் போக வேண்டாம். எடுத்த மண் எங்கே போகும் என்பதையும் எழுத்தில் வைத்துவிடுங்கள். கரைக்குப் போனது போக மீதி, வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகளின் வயலுக்கு. யாராவது செங்கல் சூளைக்கு விற்றார்கள் என்று ஒரு புகார் போனால் கம்பெனி அடுத்த தவணையை நிறுத்திவிடும். நிறுத்துவதும் நியாயம்.

அடுத்தது காலம். நல்ல திட்டங்கள்கூடக் கெட்டுப்போவது பெரும்பாலும் இதில்தான். கம்பெனியின் வருஷம் மார்ச்சில் முடிகிறது. பிப்ரவரியில் கணக்குப் பார்த்து, செலவாகாத பணம் இருக்கிறது என்று அவசரமாக ஊரைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் குளத்தில் பிசானத்துத் தண்ணீர் நிற்கும், அறுவடை நடந்துகொண்டிருக்கும். குளம் வற்றுவது ஏப்ரல், மே. தாமிரபரணிக் கால்வாய்க் குளங்களுக்கு ஜூனில் கார் என்ற நெல் போகத்துக்கான தண்ணீர் வந்துவிடும், ஆக வேலைக்குக் கிடைப்பது இரண்டே மாசம். மானாவாரிக் குளம் என்றால் செப்டம்பர் வரை அவகாசம் உண்டு.

இந்த முடிச்சை அவிழ்க்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வருஷம் நடக்கும் 'தொடர் திட்டம்' என்று இயக்குநர் குழு முடிவு செய்துவிட்டால், செலவாகாத தொகையை வருஷம் முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று வருஷத்துக்குள் செலவழிக்கலாம். தொடர் திட்டமாக இல்லாத பணம் ஆறு மாசத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற அட்டவணை நிதிகளுக்குப் போய்விடும். நம்ம ஊருக்குத் திரும்ப வராது. ஆகவே கடிதம் ஜூன், ஜூலையில் போகட்டும். டிசம்பருக்குள் மதிப்பீடும் சான்றும் முடியட்டும். பிப்ரவரிக்குள் தொடர் திட்டமாக ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும். மார்ச்சில் முதல் தவணை வாங்கி, ஏப்ரல் முதல் வாரம் இயந்திரம் இறங்கிவிட வேண்டும். மூன்று வருஷம் இருப்பதால் அடுத்த இரண்டு கோடையிலும் உடைமரக் கன்றைப் பிடுங்கவும், ஷட்டருக்கு கிரீஸ் போடவும், கரையில் எலி வளை அடைக்கவும் அதே திட்டத்தில் பணம் ஒதுக்கி வாங்கிவிடலாம். உடைமரத்தை ஒரே தடவை வெட்டிவிட்டுப் போனால் அது வேரிலிருந்து தழைத்து முன்னை விட அடர்த்தியாக வரும்.

மதிப்பீட்டில் ஜிஎஸ்டியை மறக்காதீர்கள். கட்டட வேலைக்கு 18 சதவீதம். 20 லட்சம் என்று எழுதி வாங்கிவிட்டு ஒப்பந்தக்காரர் 23.6 லட்சத்துக்குப் பில் போடும்போது, குறைகிற 3.6 லட்சத்துக்கு வேலையைத்தான் குறைப்பார்கள். சிஎஸ்ஆர் செலவுக்குக் கட்டிய வரியைக் கம்பெனி உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஆகவே வரி உட்பட ஒரே தொகையாகக் கேளுங்கள்.

பள்ளி ஆர்ஓ இயந்திரத்துக்கு வருகிறேன். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உப்பு, இயந்திரம் தேவைதான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. வாங்குவதற்கு முன் தண்ணீரைச் சோதித்தே ஆக வேண்டும், அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை மெம்பரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு), எவ்வளவு அழுத்தம் என்று தீர்மானிக்க முடியும். சோதிக்காமல் பட்டியல் விலைக்கு இறக்கிய இயந்திரம் ஆறே மாசத்தில் அடைத்துக்கொள்ளும்.

ஏன் அடைக்கிறது? போர்வெல் தண்ணீர் முதலில் மணல் வடிகட்டி, அடுத்து கார்பன் வடிகட்டி, பிறகு மைக்ரான் கார்ட்ரிட்ஜ், அதன்பிறகு உயர் அழுத்தப் பம்பு வழியாக மெம்பரேனுக்குள் போகிறது. சுண்ணாம்பு படியாமல் இருக்க ஆன்ட்டிஸ்கேலன்ட் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் சின்ன டோசிங் பம்பு ஒன்று இருக்கும். அந்த மருந்து தீர்ந்தாலும் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. கார்ட்ரிட்ஜ் பழுப்பேறிக் கிடக்கும். மெம்பரேனில் சுண்ணாம்பு படிந்து, நல்ல தண்ணீர் குறைந்து, கழிவுத் தண்ணீர் கூடும். அடுத்த ஆபத்து கோடை விடுமுறை. ஏப்ரல் கடைசியில் நிறுத்தி ஜூனில் திறந்தால், ஈரத்தோடு மூடிக் கிடந்த மெம்பரேனில் பாசியும் கிருமியும் பிடித்திருக்கும். விடுமுறையில் வாரம் இரண்டு தடவை கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும், அல்லது சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலை நிரப்பி மூட வேண்டும். யார் செய்வார்? தலைமையாசிரியருக்கு அது வேலை கிடையாது. மாசச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வேண்டும். கழிவு நீர் பாதிக்குப் பாதி வெளியே வரும். அதைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பும் குழாயையும் சேர்த்தே கேளுங்கள்.

வருஷத்துக்குக் கார்ட்ரிட்ஜ், மருந்து, கரண்டு, ஆள் கூலி, மெம்பரேன் மாற்றத்துக்கான ஒதுக்கீடு எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய காலத்தில் இதற்குக் கட்டளை என்ற ஏற்பாடு இருந்தது. விளக்குக்கு இந்த வயல், தண்ணீர்ப் பந்தலுக்கு அந்த வயல் என்று எழுதிவைத்தார்கள். விளைச்சலில் காரியம் நடந்தது. இன்றைய வடிவம் வங்கி வைப்பு. 6 சதவீத வட்டியில் 60,000 வேண்டுமானால் மூலதனம் 10 லட்சம். விலைவாசி ஏறும், அதனால் அந்த 6 சதவீத வட்டியில் மூலதனத்தின் 4 சதவீத அளவை மட்டும் எடுத்து மீதியை மூலதனத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்றால் 15 லட்சம்.

இந்த 15 லட்சத்தைக் கம்பெனியிடம் கேட்டால் கிடைக்காது. சிஎஸ்ஆர் பணத்தை எந்த அமைப்பின் மூலநிதியிலும் போடக் கூடாது என்பது 2021 ஜனவரி 22 முதல் விதி. பணம் வேலையாக மாறிச் செலவாக வேண்டும், வைப்பில் உட்காரக் கூடாது. காரணமும் புரிகிறது, பல கம்பெனிகள் தங்கள் சொந்த டிரஸ்டின் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டுச் செலவு செய்ததாகக் காட்டின. ஆனால் கிராமத்துக்கு மிகவும் தேவையான கட்டளைக்கு வழி அதோடு அடைபட்டது. இந்த ஒரு இடத்தில் சட்டம் நமக்குக் குறையாகத்தான் இருக்கிறது என்பது என் அழுத்தமான கருத்து.

அதனால்தான் கேட்பதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இயந்திரம், கட்டடம், மறுகால், மூன்று வருஷப் பராமரிப்பு, இவை கம்பெனியிடம். அதற்குப் பிந்தைய காலத்துக்கான மூலநிதி, அந்தத் தொழில்காரரின் குடும்பத்திடம். பிறந்த ஊர் என்ற பாசம் குடும்பத்துக்குத்தான் உண்டு, பங்குதாரர்களுக்குக் கிடையாது. தாத்தா படித்த பள்ளி, ஆச்சி தண்ணீர் எடுத்த குளம் என்றால் நினைவுநாளுக்கு ஒரு கட்டளை எழுதிவைக்கச் சம்மதிக்கும் குடும்பங்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பம்பாயிலும் இருக்கின்றன. கேட்டுப் போகும் ஆள்தான் குறைவு.

கட்டளைப் பணத்தை வாங்கும்போது கொடுப்பவர் கையெழுத்திட்ட கடிதத்தில் 'இது மூலநிதிக்கு' என்று வெளிப்படையாக எழுதி வாங்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் அது டிரஸ்டின் சாதாரண வருமானமாகிவிடும், 85 சதவீதத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டிய நிலை வரும். அனுமதிக்கப்பட்ட வங்கி வைப்பில் தனியாகப் போட்டு, டிரஸ்ட் பத்திரத்திலேயே அசலைத் தொடக் கூடாது என்று எழுதிவிடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்காது, காசோலையாகவே வாங்குங்கள். வயலாக எழுதித் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் பணிவோடு மறுத்து, விற்றுப் பணமாகக் கேளுங்கள். கட்டளை நிலங்கள் குத்தகை வராமல் கிடப்பதை இந்த மாவட்டம் போதுமான அளவு பார்த்துவிட்டது.

கட்டிய சொத்து யார் பெயரில் இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே முடித்துவிட வேண்டும். சிஎஸ்ஆர் பணத்தில் உருவான சொத்து கம்பெனி பெயரில் இருக்க முடியாது. அரசு அமைப்பு, பதிவுபெற்ற அறநிறுவனம், பயனாளிகளின் குழு, இவற்றில் ஒன்றின் பெயரில்தான் இருக்கலாம். பள்ளி வளாகத்தில் உள்ளதைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, ஒப்படைப்புக் கடிதத்தில் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாததால் மோட்டார் எரிந்தபோது "இது எங்க சொத்து இல்லை" என்று ஒதுங்கிய அலுவலகங்கள் உண்டு.

வேலை முடிந்ததும் ஆடிட்டர் சான்றோடு செலவுக் கணக்கு, முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த இடக்குறிப்புள்ள படங்கள், குளம் என்றால் முதல் மழைக்குப் பிறகு மறுகால் தட்டிய தேதி, இவற்றைக் கேட்காமலே அனுப்பிவையுங்கள். அடுத்த வருஷம் ஜூனில் மேல்குளத்துக்கான கடிதம் போகும்போது அதே மேலாளரின் மேஜைமேல் அந்தக் கோப்பு இருக்கும்.